இறால் வடையும் பொருந்தாத குறிப்பும்

என் வயிற்றைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். லொறியில் கிளீனராக ஓடிய காலத்தில் தம்புள்ளையில் ஒரு கடை, புத்தளத்தில் ஒரு கடை, பேர் தெரியாத சந்திகளில் இன்னும் எத்தனையோ கடைகள். கிடைத்ததைத் தின்று, எந்தக் குழாயில் தண்ணீர் வந்ததோ அதைக் குடித்து வளர்ந்த வயிறு இது. கூட வந்தவர்கள் சுருண்டு படுத்த நாட்களில் அவர்களுடைய பங்கையும் நானே சாப்பிட்டிருக்கிறேன். கல்லைப் போட்டாலும் கரைக்கும் என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தவன். அதனால்தான் போன வருடம் வெள்ளவத்தையில் எனக்கு நடந்தது இன்றுவரை விளங்கவில்லை.

நான் கலியாணத் தரகன். படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. லொறியில் சாமான் இறக்கப் போன வீடுகளில், "அந்தப் பக்கம் நல்ல பெடியன் இருந்தால் சொல்லுங்கோ" என்று கேட்டார்கள். சொன்னேன். தொழில் பிடித்துக்கொண்டது. இன்றைக்கு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் எந்த லேனுக்குள் நுழைந்தாலும் நான் சேர்த்து வைத்த சோடி ஒன்று பல்கனியில் உடுப்புக் காயப் போட்டுக்கொண்டு நிற்கும். டொக்டர்மாருக்கும் எஞ்சினியர்மாருக்கும் பெண் எடுத்துக் கொடுத்தவன் நான். அவர்கள் படித்த படிப்பு அந்த விஷயத்தில் அவர்களுக்கு உதவவில்லை, என்னிடம்தான் வந்தார்கள். போனிலேயே படம் பார்த்துச் சம்பந்தம் தேடுகிற இந்தக் காலத்திலும் என் போன் ஓய்ந்ததில்லை.

இந்தத் தொழிலில் "ஓம்" என்ற பதிலைக் கொண்டுபோக யாராலும் முடியும். "வேண்டாம்" என்பதைக் கொண்டுபோவதுதான் வித்தை. பெண் கறுப்பு, பெடியன் கட்டை, வீடு சின்னது, இப்படி உண்மைக் காரணம் ஆயிரம் இருக்கும். எதையும் வாயால் சொல்லக்கூடாது. சாதகக் குறிப்பு பொருந்தவில்லை என்று சொல்ல வேண்டும். அப்போது யார் மீதும் குற்றமில்லை, வானத்தில் இருக்கிற கிரகம் பழியைச் சுமந்துகொள்ளும். பொருந்துகிறது என்று முன்னமே சொல்லியாயிற்றா? அதற்கும் வழி உண்டு. "வேறொரு சாத்திரியாரிட்டயும் காட்டினவை, அவர் ஒரு தோசம் இருக்கெண்டிட்டார்" என்றால் முடிந்தது. இரண்டு வீட்டாரும் அடுத்த நாள் ஒரே கோயிலில் சந்தித்தாலும் சிரித்துக்கொள்ளலாம். இதைவிட மரியாதையான வழி எனக்குத் தெரியாது.

அப்படி ஒரு "வேண்டாம்" கொண்டுதான் யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறினேன். பெடியன் வீடு யாழ்ப்பாணம், பெண் வீடு வெள்ளவத்தை. பெண்ணுக்குத் தகப்பன் இல்லை, தாயும் மகளும்தான். மகளுக்குக் கொள்ளுப்பிட்டியில் ஒரு கம்பனியில் நல்ல உத்தியோகம். கோயிலில் வைத்துப் பெண் பார்த்த அன்று அவள் பெடியனிடம் கேள்விக்கு மேல் கேள்வி கேட்டுவிட்டாள். கொழும்புக்கு வருவீங்களா, சமைக்கத் தெரியுமா, கோபம் வந்தால் என்ன செய்வீங்க என்றெல்லாம் கேட்டாள். பெடியன் சிரித்துச் சிரித்துத்தான் பதில் சொன்னான். அவனுடைய தாய்க்குத்தான் பிடிக்கவில்லை. "இவ்வளவு வாய் எங்கட வீட்டுக்குச் சரிவராது. நீங்கள் பக்குவமாச் சொல்லிவிடுங்கோ" என்று என்னிடம் ஒப்படைத்துவிட்டார்.

இதில் ஓர் அவசரமும் இருந்தது. தெஹிவளையில் இருந்து இன்னொரு குடும்பமும் அதே பெண்ணைக் கேட்டு வைத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிவு வேண்டும், இல்லாவிட்டால் தாங்கள் வேறு இடம் பார்ப்போம் என்று சொல்லியிருந்தார்கள். பெண்ணின் தாய் யாழ்ப்பாணத்துப் பதிலுக்காக அவர்களைப் பிடித்து நிறுத்தி வைத்திருந்தார். ஆகவே நான் ஞாயிறுக்கு முன் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் பிள்ளைக்கு அதுவும் இல்லை, இதுவும் இல்லை. போனில் சொல்லியிருக்கலாம் என்பீர்கள். மற்றத் தரகர்கள் அப்படித்தான் செய்வார்கள். நான் "வேண்டாம்" என்பதை முகத்துக்கு முன் நின்று சொல்கிறவன்.

வெள்ளிக்கிழமை காலை கொழும்பில் இறங்கி, கொட்டாஞ்சேனையில் வழக்கமாகத் தங்கும் அறையில் பையை வைத்துக் குளித்து, மத்தியானம் அங்கேயே சோறும் பருப்பும் சாப்பிட்டேன். பிறகு வெள்ளவத்தைக்கு பஸ் எடுத்தேன். காலிமுகத்திடல் வந்ததும், கொஞ்சம் காற்று வாங்கி, சொல்ல வேண்டியதை ஒழுங்குபடுத்திக்கொண்டு போகலாம் என்று இறங்கினேன். அங்கே தள்ளுவண்டியில் ஒருவன் இறால் வடை அடுக்கி வைத்திருந்தான். முழு இறால் தலையோடும் மீசையோடும் வடைக்கு மேல் படுத்திருந்தது. நான் வெள்ளிக்கிழமையில் மச்சம் மாமிசம் தொடாதவன். இதை எல்லா வீட்டிலும் சொல்லியும் வைத்திருக்கிறேன். தொழிலுக்கு அது நல்லது. ஆனால் கடற்காற்றில் அந்த வாசம் வந்தபோது கை தானாக நீண்டுவிட்டது. வெங்காயமும் மிளகாய்ச் சம்பலும் அள்ளிப் போட்டுத் தந்தான். ஒன்றோடு நிறுத்தவில்லை.

வெள்ளவத்தையில் அவர்களுடைய பிளாட் மூன்றாம் மாடி. லிஃப்ட் கிடையாது. படி ஏறும்போதே காது அடைத்தது. வயது என்று நினைத்தேன். தாய் கதவைத் திறந்து, "வாங்கோ அண்ணை, வெயிலுக்க வந்திருக்கிறியள்" என்று இருத்தி, கடலை வடையும் பால் தேத்தண்ணியும் கொண்டு வந்து வைத்தார். மகளும் அன்று வேலையால் நேரத்தோடு வந்திருந்தாள். இரண்டு பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மரியாதைக்கு ஒரு வடையைக் கடித்துவிட்டு, தாயைப் பார்த்து, "தங்கச்சி, அவையள் என்ன சொல்லினமெண்டால்..." என்று தொடங்கினேன்.

அவ்வளவுதான். வயிற்றுக்குள் யாரோ கியர் மாற்றியது போல இருந்தது. எழுந்து ஓடினேன். குளியலறைக் கதவை மூடினேனா இல்லையா என்று இப்போதும் நிச்சயமில்லை. சத்தி வாயாலும், மற்றது வயிற்றாலும் ஒன்றாகப் போனது. வெளியே தாயின் குரல், "ஐயோ என்ர வடை! எண்ணெய் பழசோ தெரியேல்லையே!" என்று கேட்டுக்கொண்டே இருந்தது. வெளியே வந்து, ஒன்றுமில்லை என்று சொல்ல நினைத்தேன். தரை எழும்பி என்னை நோக்கி வந்தது.

அதற்குப் பிறகு நடந்தது துண்டு துண்டாகத்தான் ஞாபகம். தலைக்கு மேல் ஒரு மின்விசிறி. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு செம்மஞ்சள் வாளி. நெற்றியில் ஈரத்துணி. நான் யாருடனோ கதைத்துக்கொண்டிருக்கிறேன். லொறி டிரைவரோடு என்று நினைக்கிறேன். அவர் செத்துப் பல காலம். ஒரு பெண் குரல், "சரி அங்கிள், சரி, விளங்குது" என்று பதில் சொல்கிறது. டிரைவர் ஏன் என்னை அங்கிள் என்கிறார் என்று எனக்குக் குழப்பமாக இருந்தது.

கண் விழித்தபோது சன்னலில் வெளிச்சம். அது காலையா மாலையா என்று தெரியவில்லை. அதைவிடப் பெரிய சந்தேகம் ஒன்று வந்தது. நான் சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டேனா? "அவையள் என்ன சொல்லினமெண்டால்" வரைக்கும் ஞாபகம் இருந்தது. அதற்குப் பிறகு வாளிதான்.

தாயின் முகத்தில் பதிலைத் தேடினேன். முகம் படிப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை. வாசலில் நிற்கும்போதே சம்பந்தம் சரிவருமா என்று சொல்லிவிடுவேன். ஆனால் அந்த முகம் எனக்குப் பிடிபடவில்லை. மாதுளங்கோது அவித்த தண்ணீரை ஊதி ஊதிப் பருக்கினார். "குடியுங்கோ அண்ணை, இது வயித்தைக் கட்டும். பயப்பிடாதேங்கோ" என்றார். சொல்லியிருந்தால் இப்படிப் பார்ப்பாரா? சொல்லாமல் இருந்தால் ஏன் கேட்கவில்லை? தங்களை வேண்டாம் என்றவர்களின் தரகனுக்கு யாராவது மாதுளங்கோது அவிப்பார்களா?

கீழ்மாடியில் இருக்கும் சிங்கள டொக்டரைக் கூட்டி வந்தார்கள். வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, "மொனவத கெவே, அங்கிள்?" என்றார். என்ன சாப்பிட்டேன் என்று கேட்கிறார். லொறிக் காலத்துச் சிங்களம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. தாய் பக்கத்திலேயே நின்றார். நான் சாப்பிட்டது வெள்ளிக்கிழமை. "பத், பரிப்பு" என்றேன். சோறும் பருப்பும். அது பொய்யும் இல்லை. "நான் குடுத்த கடலை வடையும்" என்று தாய் அழுவது போலச் சேர்த்துச் சொன்னார். பிறகு டொக்டருக்குத் தேத்தண்ணி போட உள்ளே போனார். உடனே மகள் டொக்டரிடம் ஆங்கிலத்தில் கடகடவென்று ஏதோ சொன்னாள். டொக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு மருந்து எழுதினார். போகும்போது என் தோளில் தட்டி, "ஆயெத் இஸ்ஸோ வடே எப்பா" என்றார். இனிமேல் இறால் வடை வேண்டாமாம்.

எனக்குக் காய்ச்சல் திரும்பி வந்தது போல இருந்தது. இந்த மனுசனுக்கு எப்படித் தெரியும்? வயிற்றை அமுக்கினால் இறால் தெரியுமா? மகளைப் பார்த்தேன். அவள் உப்புத்தூள் பக்கற்றைத் தண்ணீரில் கரைத்துக் கலக்கிக்கொண்டிருந்தாள், ஒன்றும் நடக்காதது போல.

அன்று சனிக்கிழமை என்பது மத்தியானம்தான் தெரிந்தது. எனக்குக் கஞ்சி தந்துவிட்டுத் தாய் சாப்பிடவில்லை.

"ஏன் தங்கச்சி, நீங்கள் சாப்பிடேல்லையே?"

"சனிக்கிழமை அண்ணை. இவளின்ர குறிப்பில சனி பார்க்கிறானெல்லே. பின்னேரம் கோயில்ல எள்ளெண்ணெய் எரிச்சிட்டு வந்துதான் சாப்பாடு. மறந்து போச்சே? முன்னம் அந்த வவுனியாச் சம்பந்தம் குழம்பேக்க நீங்கள்தானே சொன்னனீங்கள்."

வவுனியாச் சம்பந்தம் ஞாபகம் இருந்தது. சனி ஞாபகம் இல்லை. அப்படியான இடங்களில் வாயில் வருகிற கிரகத்தைச் சொல்வதுதான் வழக்கம். சில நேரம் செவ்வாய், சில நேரம் ராகு. அன்று சனி வந்திருக்கிறான். அதைக் கேட்டு ஒரு மனுசி இவ்வளவு காலமும் சனிக்கிழமைகளில் பட்டினி கிடப்பார் என்று யார் கண்டது? நான் சொன்னால் அவ்வளவுக்கு நம்புகிறார்கள் என்று ஒரு பக்கம் பெருமையாகக்கூட இருந்தது. மற்றப் பக்கம் பாதிக் கஞ்சியைத் தள்ளி வைத்தேன். வயிற்று வருத்தத்தால்தான் என்று வைத்துக்கொண்டேன்.

பின்னேரத்துக்குள் சொல்லிவிட வேண்டும் என்று பல முறை வாயைத் திறந்தேன். ஒரு முறை வயிறு கூப்பிட்டது. இன்னொரு முறை தாயே முந்திக்கொண்டார். "அண்ணை, உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன். என்ர வடையால வந்ததெண்டு வெளியில ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ. இந்த வீட்டுச் சாப்பாட்டைத் திண்டு தரகர் விழுந்திட்டாரெண்டு கதை போனால், பிறகு இவளைக் கேட்டு ஆர் வருவினம்?" இந்த நிலையில் நான் "வேண்டாம்" என்றால், அது வடைக்கு வந்த தண்டனை என்றே அந்த மனுசி நினைக்கும். வடையில் குற்றமில்லை என்று சொல்லலாம் என்றால், பிறகு எதில் குற்றம் என்ற கேள்வி வரும். வெள்ளிக்கிழமை வந்து குறுக்கே நிற்கும். எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டியது. எத்தனை பெரிய வீட்டுச் சிக்கல்களை அவிழ்த்தவன் நான்! அன்று என்னை ஒரு கட்டிலோடு கட்டிப்போட்டது போல இருந்தது.

ஞாயிறு விடிந்தது. எழும்பி உட்கார முடிந்தது. சாப்பாட்டு மேசையில் என்னை இருத்தி, தாய் கஞ்சிக் கோப்பையை வைத்தார். மகள் எதிரே தலைமுடியைத் துவட்டிக்கொண்டிருந்தாள். தெஹிவளைக்காரர்களுக்கு இன்று பதில் போக வேண்டும். இனித் தள்ள முடியாது.

"தங்கச்சி, இருங்கோ. வந்த விஷயத்தை நான் இன்னும் சொல்லேல்லை."

தாய் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். நான் என் முழு வித்தையையும் சேர்த்தெடுத்து, "அவைக்கு எங்கட பிள்ளையை நல்ல விருப்பம். பாருங்கோ, ஒரு குறையும் சொல்லேல்லை. ஆனால் வேறொரு சாத்திரியாரிட்டயும் காட்டினவையாம். அவர் குறிப்பில ஒரு தோசம்..." என்றேன்.

"சனியே?" என்றார் தாய் உடனே.

"ஓம். சனியெண்டுதான் நினைக்கிறன்."

மகள் துவாயை மடியில் போட்டாள். "அங்கிள், வெள்ளிக்கிழமை காய்ச்சலில நீங்க வேற காரணமெல்லோ சொன்னீங்க?"

என் கையில் கரண்டி நின்றது. "நான் என்ன பிள்ளை சொன்னன்?"

"பெடியனுக்கு விருப்பம், தாய்தான் மறிக்கிறா, பிள்ளைக்கு வாய் கூடவாம், குறிப்பில ஒரு பிழையும் இல்லை. இதைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னீங்க. என்னை டிரைவர் எண்டு நினைச்சு, லொறியைத் திருப்பச் சொல்லி வேற கெஞ்சினீங்க. பிறகு இறால் வடைக்காரனுக்கு ஏச்சு."

"என்ன இறால் வடை?" தாய் நிமிர்ந்தார். "வெள்ளிக்கிழமையோ?"

"அதை விடுங்கோ அம்மா. உங்கட வடையில ஒண்டுமில்லை, அதை மட்டும் பிடியுங்கோ."

"உனக்கு வெள்ளிக்கிழமையே எல்லாம் தெரியுமெண்டால் ஏன்டி எனக்குச் சொல்லேல்லை?"

"அங்கிள் சொல்லத்தானே அவ்வளவு தூரம் வந்தவர். சுகமான பிறகு தானே சொல்லட்டும் எண்டு பார்த்தன். இண்டைக்குப் பின்னேரம் வரைக்கும் பார்த்திட்டு நானே சொல்லியிருப்பன்."

தாய் மகளை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "அண்ணை. அப்ப வவுனியா?"

நான் கஞ்சியைப் பார்த்தேன்.

"அதுவும் சனி இல்லையோ?"

"அவைக்கு அந்த நேரம் வேற இடத்தில சீதன வீட்டோட ஒண்டு கிடைச்சது, தங்கச்சி. அதை எப்படி உங்களுக்கு நான் வந்து..."

அவர் எழுந்து, என் முன்னால் இருந்த கோப்பையையும் எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனார். பாத்திரங்கள் இடிபடும் சத்தம் கேட்டது. சரி, இனி எனக்கு இந்த வீட்டில் கஞ்சியும் இல்லை என்று நினைத்தேன். சற்று நேரத்தில் கோப்பையோடு திரும்பி வந்தார். "உப்புப் போட மறந்திட்டன்" என்று முன்னால் வைத்தார். கண் சிவந்திருந்தது. வாயில் சிரிப்பு மாதிரியும் ஏதோ இருந்தது. "எத்தனை சனிக்கிழமை!" என்றார். என்னிடம் சொன்னாரா, சனீஸ்வரனிடம் சொன்னாரா தெரியாது. அது கோபமா, ஆறுதலா என்று நான் இன்றைக்கும் யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றுதான் இருக்கிறேன்.

மகள் போனை எடுத்தாள்.

"ஆருக்கடி?"

"தெஹிவளைக்கு."

"நான் கதைக்கிறன், தா. இல்லாட்டி அண்ணை கதைக்கட்டும். பொம்பிளைப் பிள்ளை நீ..."

"அம்மா, விடுங்கோ." அவள் ஏற்கெனவே கதைக்கத் தொடங்கிவிட்டாள். "ஆன்ட்டி, நான்தான். முடிவு சொல்ல முதல் ஒண்டு கேக்க வேணும். நான் கொஞ்சம் கூடக் கதைக்கிறனான். மனசில பட்டதைக் கேட்டுப்போடுவன். யாழ்ப்பாணத்தில ஒரு வீட்டில அதுக்காக வேண்டாமெண்டிட்டினம். உங்கட வீட்டுக்கு அது கரைச்சலெண்டால் இப்பவே சொல்லுங்கோ, நான் கோவிக்க மாட்டன்."

நான் மேசையைப் பிடித்துக்கொண்டேன். ஒரு வீட்டில் வேண்டாம் என்றதை அடுத்த வீட்டுக்குச் சொல்வதா! என் தொழிலில் இதைவிடப் பெரிய பிழை இல்லை. பறித்து எறியலாம் என்றால் எழும்பக் கால் இல்லை. அந்தப் பக்கத்துக் குரல் நெடுநேரம் கேட்டது. சொல் விளங்கவில்லை. இவள் ஒரு இடத்தில் சிரித்தாள், ஒரு இடத்தில் "ஐயோ, அப்படியா?" என்றாள். எனக்குத் தெரியாத ஒரு பாசையில் போல, எனக்கு முன்னாலேயே ஒரு சம்பந்தம் கதைக்கப்படுகிறது. நான் இல்லாமல். நான் அங்கேயே இருக்கும்போது.

போனை வைத்துவிட்டு, "பின்னேரம் எங்களை வரச்சொல்லினம்" என்றாள்.

"நான் சேட்டு மாத்திக்கொண்டு வாறன்."

"நீங்க படுங்கோ அங்கிள். வழியில வந்திச்செண்டால் காலி வீதியில எங்க போறது?"

அப்படியாக, தரகன் கட்டிலில் கிடந்து உப்புத்தண்ணீர் குடிக்க, தாயும் மகளும் ஓட்டோ பிடித்துத் தெஹிவளைக்குப் போனார்கள். கடற்கரை ரயில் ஒவ்வொன்றும் போகும்போது, இந்த நேரம் என்ன கேட்டிருப்பாள், அவர்கள் முகம் எப்படி மாறியிருக்கும் என்று யோசித்தேன். எத்தனையோ வீட்டார் என் பதிலுக்காக இப்படிக் காத்துக் கிடந்திருப்பார்கள். காத்துக் கிடப்பது இவ்வளவு கரைச்சல் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

பொழுதுபடும் நேரம் படியில் கதைச் சத்தம் கேட்டது. தாய் உள்ளே வந்து செருப்பைக் கழற்றும்போதே சொன்னார். "அண்ணை, ஆவணியில வைப்பமாம். அந்தத் தாய் இவளைவிட வாய். ரெண்டு பேரும் கதைச்ச கதையில எனக்கும் பெடியனுக்கும் தேத்தண்ணி குடிக்கத்தான் வேலை." மகள் என் உடம்பு எப்படி என்று கேட்டுவிட்டு உடுப்பு மாற்றப் போனாள்.

கலியாணம் ஆவணியில் வெள்ளவத்தையிலேயே நடந்தது. என்னை முன்வரிசையில் இருத்தினார்கள். அதை நான் செய்து வைத்த கலியாணங்களில் ஒன்றாகத்தான் எல்லோருக்கும் சொல்லி வருகிறேன். நான் போய் விழாவிட்டால் அது நடந்திருக்குமா? அப்படிப் பார்த்தால் என்னுடையதுதான். ஆனால் இரவில் நித்திரை வராமல் கிடக்கும்போது வேறு மாதிரியும் தோன்றும்.

பந்தி முடிந்து வெற்றிலைத் தட்டுக்குப் பக்கத்தில் நின்றபோது கொட்டாஞ்சேனையில் இருக்கும் ஒரு அம்மா என்னைத் தேடி வந்தார். அவருடைய மகனுக்கு நான் முன்பு ஒரு இடம் பார்த்துச் சரிவராமல் போயிருந்தது.

"ஐயா, நீங்க உள்ளதை உள்ளபடி சொல்லுற தரகர் எண்டு பொம்பிளையின்ர அம்மா சொல்லுறா."

"எப்பவும் அப்படித்தான், அம்மா" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

"அப்ப சொல்லுங்கோ. போன முறை என்ர மகனை ஏன் வேண்டாமெண்டவை? குறிப்பைச் சொல்லாதேங்கோ."

வெற்றிலையை மடித்தேன். பிரித்தேன். திரும்பவும் மடித்தேன். அந்த அம்மா நகரவில்லை.